விலாங்கின் சினை

நறுவிலிக்குளத்தில் பெற்றிசியாவைப் போல மீன் வெட்டுவதற்கு ஆளில்லை. கணவன் சிங்கராசா குளத்திலும் ஓடையிலும் கூடு வைத்துப் பிடித்து வருவதை அவள் வெட்டிக் கழுவிப் பாதியை ஊருக்குள் விற்பாள். மீதியை உப்புப் போட்டுக் காய வைப்பாள். கலியாணம் கட்டி வந்த நாளிலிருந்து பதினெட்டு வருஷமாக இதுதான் வேலை. கை தன்பாட்டில் வெட்டிக்கொண்டிருக்கும். கண் மட்டும் ஒவ்வொரு மீனின் வயிற்றுக்குள்ளும் போய் வரும். எந்த மீன் எதைத் தின்கிறது, எது எந்த மாதத்தில் சினை பிடிக்கிறது என்பதெல்லாம் அவளுக்கு மனப்பாடம். கெளிற்றின் சினை மஞ்சள், விராலின் சினை பொன்னிறம், பனையேறிக் கெண்டைக்கு வயிறு கொள்ளாத சினை.

விலாங்குக்கு மட்டும் சினையே இல்லை.

அது முதலில் அவளுக்குப் பெரிதாகப் படவில்லை. சினை பிடிக்கிற காலம் தப்பிப் போய்விட்டது என்று நினைத்தாள். பிறகு வேண்டுமென்றே பார்க்கத் தொடங்கினாள். தையிலும் வெட்டிப் பார்த்தாள், ஆடியிலும் வெட்டிப் பார்த்தாள். கைப் பருமன் விலாங்கு, தொடைப் பருமன் விலாங்கு, எல்லாவற்றையும் திறந்தாயிற்று. ஒன்றின் வயிற்றிலும் ஒரு முட்டைகூட இல்லை.

"இஞ்சாருங்கோ, விலாங்கு எப்பிடிக் குஞ்சு போடுது?" என்று ஒருநாள் சிங்கராசாவைக் கேட்டாள்.

அவன் கூட்டுக்குக் கயிறு முறுக்கிக்கொண்டிருந்தான். "எப்பிடிப் போட்டா என்ன? கூட்டுக்க வருது, அது போதாதே?"

"வருது எண்டா எங்கயிருந்து வருது?"

"உனக்கு வேற வேலையில்லையோ?" என்றானே தவிர, அன்றிரவு சோறு தின்னும்போது அவனே, "உண்மைதான், நானும் விரல் பருமனுக்குக் கீழ விலாங்குக் குஞ்சைக் கண்டதில்லை" என்றான்.

ஞாயிறு பூசை முடிந்ததும் கோயில் மூப்பர் அம்புறோசிடம் கேட்டாள். ஊரில் எழுத வாசிக்கத் தெரிந்த இரண்டு மூன்று பேரில் அவரும் ஒருவர். எதற்கும் விடை வைத்திருப்பவர். "சேறு சூடேறினா அதுக்குள்ள இருந்து தானாப் பிறக்கும்" என்றார். பக்கத்தில் நின்ற ஒருவர், அப்படியில்லை, சாரைப் பாம்பும் விராலும் கூடிப் பிறப்பதுதான் விலாங்கு என்று அடித்துச் சொன்னார். பெற்றிசியா இரண்டையும் கேட்டுக்கொண்டு வீட்டுக்கு வந்தாள். வெட்டுக்கல்லின் முன் உட்கார்ந்து யோசித்தபோது இரண்டுமே அவளுக்குச் சரியாகப் படவில்லை. சேற்றில் பிறக்கும் என்றால் சேறு இருக்கிற இடத்தில் அடைத்து வைத்துப் பார்த்துவிடலாமே என்று தோன்றிற்று.

வீட்டின் பின்பக்கம் ஒரு பழைய கிணறு இருந்தது. தண்ணீர் சவர், குடிக்கவும் உதவாது, தோட்டத்துக்கும் உதவாது. சிங்கராசா பிடித்து வந்ததில் மூன்று பெரிய விலாங்குகளை வெட்டாமல் அதற்குள் விட்டாள். மாடு குளிப்பாட்டுகிற குழியில் இரண்டு விராலை விட்டாள். ஒரே ஊர், ஒரே மழை, இரண்டுக்கும் அடியில் சேறு. எது பெருகுகிறது என்று பார்ப்போம் என்றிருந்தாள். மீன் வெட்டும்போது விழுகிற குடலையும் செவுளையும் இரண்டு பக்கத்துக்கும் பங்கிட்டுப் போட்டாள்.

"விக்கிற மீனைக் கிணத்துக்க போட்டு வளர்க்கிறா" என்று சிங்கராசா கண்டவர்களிடமெல்லாம் சொன்னான். அவனுக்கு அது கொஞ்சம் வெட்கம், கொஞ்சம் பெருமை.

அடுத்த மாரியில் விராற் குழியில் தண்ணீருக்கு மேலே செம்மஞ்சளாக ஒரு கறை தெரிந்தது. கிட்டப் போய்ப் பார்த்தாள். ஆயிரக்கணக்கான குஞ்சுகள் ஒன்றையொன்று நெருக்கிக்கொண்டு மிதந்தன. தாய் விரால் அவற்றுக்குக் கீழே நின்று காவல் காத்தது. கிணற்றிலோ மூன்று விலாங்குகள்தான். அதற்கு அடுத்த மாரியிலும் மூன்றுதான். நன்றாகக் கொழுத்திருந்தன. மூன்று நாலாகவில்லை.

இரண்டாவது மாரி பெருமழை. கிணற்றுத் தண்ணீர் விளிம்பு தட்டி வெளியே வழிந்தது. ஒருநாள் விடியலில் பெற்றிசியா சாம்பல் கொட்டப் போனபோது ஈரப் புல்லில் ஏதோ நெளிவதைக் கண்டாள். பாம்பென்று ஓரடி பின்வாங்கிய பிறகுதான் அது கிணற்று விலாங்கென்று தெரிந்தது. அதைப் பிடிக்க அவளுக்கு மனம் வரவில்லை. எங்கே போகிறது என்று பார்க்கத்தான் ஆசையாயிருந்தது. கையில் சாம்பல் தட்டோடு பின்னாலேயே போனாள். வலப்பக்கம் கூப்பிடு தூரத்தில் குளம் தளதளவென்று நிரம்பிக் கிடந்தது. விலாங்கு அந்தப் பக்கம் திரும்பவேயில்லை. இடப்பக்கம், சரிவில் இறங்கி, குளத்தில் மிஞ்சிய தண்ணீர் கடலை நோக்கி ஓடுகிற ஓடைக்குள் வழுக்கி விழுந்து மறைந்தது. மற்ற இரண்டும் முந்திய இரவே போய்விட்டிருந்தன.

"குளத்தை விட்டிட்டு ஓடைக்கு ஏன் போச்சு?" என்று அவள் அன்று முழுக்கக் கேட்டுக்கொண்டிருந்தாள்.

அந்த வருஷம் இன்னொன்றையும் கவனித்தாள். குளம் நிரம்பினால் தண்ணீர் வழிந்தோடுகிற இடத்தை ஊரில் வான் என்பார்கள். முன்பு அது வெறும் கல்லும் புல்லுமான சரிவு. மூன்று வருஷத்துக்கு முன் அரசாங்கக் கந்தோரிலிருந்து எட்வேட் என்ற ஓவசியர் வந்து, சரிவை வெட்டியெடுத்து, ஆளுயரத்துக்குச் செங்குத்தாகக் கல் அடுக்கி, சுண்ணாம்புச் சாந்து பூசி, வழவழவென்று ஒரு சுவர் கட்டினார். குளத்தில் தண்ணீர் நன்றாக நின்றது, வயல்காரர்களுக்குச் சந்தோஷம். ஆனால் சிங்கராசாவின் கூட்டில் பெரிய விலாங்குதான் வந்தது. முன்பெல்லாம் கூடவே வருகிற விரல் பருமன் சிறிசுகள் முதல் வருஷம் குறைந்து, அடுத்த வருஷம் அருகி, இப்போது அடியோடு இல்லை.

பெற்றிசியா வெட்டுகிற கையை நிறுத்தினாள். சிறிசுகள் குளத்தில் பிறப்பதானால் சுவர் கட்டியதால் குறைவானேன்? அவை கீழேயிருந்து, ஓடை வழியாக, ஏறி வருகிறவையாக இருந்தால்தான் சுவர் தடுக்கும்.

ஆவணித் திருநாளுக்கு வழக்கம்போல எல்லாரும் மடு மாதா கோயிலுக்குப் போனார்கள். காட்டு மரங்களின் கீழே பாய் விரித்து, கல் கூட்டி, சோறாக்கித் தின்று பத்து நாள் இருப்பார்கள். பெற்றிசியாவுக்குப் பக்கத்து மரத்தடியில் கடற்கரை ஊரான அரிப்பிலிருந்து வந்த ஒரு குடும்பம். அந்த வீட்டுக்காரி எடித் அவளைவிடப் பத்து வயது மூத்தவள். புருஷன் கடல் தொழில். இருவரும் ஒரே அடுப்பில் கறி வைக்கத் தொடங்கி இரண்டாம் நாளே நெருக்கமாகிவிட்டார்கள். எடித் கருவாடு கீறுகிற லாவகத்தைப் பார்த்ததும், இவளும் நம்மைப்போல வயிற்றைத் திறந்து பார்க்கிறவள்தான் என்று பெற்றிசியாவுக்குத் தெரிந்துவிட்டது.

"அக்கா, விலாங்கில சினை கண்டிருக்கிறீங்களோ?"

எடித் கொஞ்சம் யோசித்தாள். "கடல் விலாங்கில கண்டிருக்கிறன். ஆத்து விலாங்கில… இல்லை. இல்லைத்தான். ஏன் கேக்கிறாய்?"

பெற்றிசியா கிணற்றுக் கதையையும் சுவர்க் கதையையும் சொன்னாள். எடித்துக்கு அடுப்பில் கறி கொதித்து வழிந்ததுகூடத் தெரியவில்லை.

"மாரி தொடங்கினா எங்கட ஆத்துவாயில ஒரு பூச்சி வரும்" என்றாள் கடைசியில். "நூல் மாதிரி. கண்ணாடி மாதிரி. தண்ணியோட தண்ணியா இருக்கும், ரெண்டு கறுத்தப் புள்ளி மட்டும் தெரியும். ஒருத்தரும் தின்னுறேல்ல, அதால ஒருத்தரும் பாக்கிறேல்ல. கடல் பக்கமிருந்து வந்து ஆத்துக்க ஏறிப் போகும். நான் ஏதோ புழு எண்டுதான் இவ்வளவு காலமும் நினைச்சனான்."

"எந்த மாதம் அக்கா?"

"மார்கழி. அமாவாசையை ஒட்டி வந்தியெண்டா பாக்கலாம். வா, எங்கட வீட்டில நில்."

மார்கழியில் போகப் போகிறேன் என்றதும் சிங்கராசா சத்தம் போட்டான். ஆறு பெருகிக் கிடக்கிற காலத்தில், புழுப் பார்க்க, அரிப்புக்கா? இரண்டு நாள் முறுக்கிக்கொண்டு திரிந்தான். மூன்றாம் நாள், "உனக்கு மட்டும் தெரிஞ்சு வந்து எனக்குச் சொல்லுவியோ? நானும் வாறன்" என்றான்.

உப்பு ஏற்றிய வண்டியொன்றில் இடம் கேட்டு ஆற்றங்கரை வரைக்கும் போனார்கள். அருவியாறு செந்நிறமாகக் கரை புரண்டு ஓடிக்கொண்டிருந்தது. இக்கரையிலிருந்து அக்கரைக்குத் தோணி விடுகிறவர் தாவூது. சிலாவத்துறைப் பக்கத்து முஸ்லிம் மனிதர், ஊருக்கெல்லாம் நானா, அதாவது அண்ணன்; ஐம்பது வயதிருக்கும். நரைத்த தாடி, கயிறு இழுத்துக் காய்த்த கை. தோணி நடு ஆற்றில் ஆடியபோது பெற்றிசியா பயத்தை மறக்க அவரிடமும் அதே கேள்வியைக் கேட்டாள்.

"நானா, நீங்கள் ஆத்திலயே இருக்கிறனீங்கள். விலாங்கு எங்க குஞ்சு போடுது எண்டு தெரியுமோ?"

தாவூது தோணி தள்ளுகிற சவளை ஊன்றியபடி அவளை ஏற இறங்கப் பார்த்தார். "இப்பிடி ஒரு கேள்வியை என்னட்ட ஒருத்தரும் கேட்டதில்லை தங்கச்சி. எங்க எண்டு தெரியா. ஆனா ஒண்டு சொல்லுவன். பெருவெள்ளம் வந்து, வானமும் இருட்டாக் கிடந்தா, பெரிய விலாங்கெல்லாம் கீழ போகும். என்ர வலையில விழும். போறதைத்தான் கண்டிருக்கிறன், திரும்பி வந்ததை ஒருநாளும் கண்டதில்லை. நாளைக்கு விடியச் சுபஹுத் தொழுதிட்டு வலை இழுப்பன். வாங்கோ, பாக்கலாம்."

அன்றிரவு எடித் வீட்டில் தங்கி, மறுநாள் கிழக்கு வெளிக்கிறபோது எடித்தும் தாவூதுமாக நாலு பேரும் ஆற்றுவாயில் நின்றார்கள். அந்தக் கடலில் முத்துக்குளிப்பு நின்றுபோய் நாலைந்து வருஷமானதால் கரையில் ஆள் நடமாட்டமே இல்லை. ஆற்றின் செந்நீர் ஒரு பக்கமாகவும் கடலின் பச்சை நீர் மறுபக்கமாகவும் ஒன்றையொன்று தள்ளிக்கொண்டிருந்தன. எடித் சேலையைச் சொருகிக்கொண்டு, நீரோட்டம் மெதுவாக இருந்த கரையோரத்தில் முழங்காலளவு தண்ணீரில் இறங்கினாள்.

"இஞ்ச பார். அசையாம நில்லு."

முதலில் பெற்றிசியாவுக்கு ஒன்றும் தெரியவில்லை. கலங்கல் தண்ணீரும் தன் காலும்தான். பிறகு இரண்டு கறுப்புப் புள்ளி, அதன் பக்கத்தில் இன்னும் இரண்டு, பிறகு எண்ண முடியாத அளவு புள்ளிகள். அவை ஒரு முழ அகலத்துக்கு வரிசையாக, கரையை உரசிக்கொண்டு, ஓட்டத்துக்கு எதிராகப் போய்க்கொண்டிருந்தன. உள்ளங்கையைக் குவித்து அள்ளினாள். விரல் நீளத்தில் ஐந்தாறு கண்ணாடி நூல்கள் நெளிந்தன. ஒன்றின் உடம்புக்கூடாகத் தன் கைரேகையே தெரிந்தது. தலைக்குப் பின்னால் சின்னதாகச் சிவப்பொன்று துடித்தது.

"இருதயம்" என்றாள் மெதுவாக. "இஞ்சாருங்கோ, இதுக்கு இருதயம் அடிக்குது."

சிங்கராசா குனிந்து பார்த்தான். தொப்பிபோலத் தலையில் கட்டியிருந்த துண்டைக் கழற்றிக் கையில் பிடித்துக்கொண்டான்.

அதற்குள் தாவூது கூப்பிட்டார். வலையின் மடியில் நாலு பெரிய விலாங்குகள் கிடந்தன. பெற்றிசியா பார்த்துப் பழகிய விலாங்கின் நிறமே இல்லை அவற்றுக்கு. முதுகு கறுத்து, வயிறு வெள்ளித் தகடாகப் பளபளத்தது. கண் இரண்டும் வழக்கத்தைவிடப் பெரிதாக, விழித்துப் பார்ப்பதுபோல இருந்தன.

"ஒண்டை வெட்டிப் பாக்கலாமோ, நானா?"

"அதுக்குத்தானே வந்தனீங்கள்."

எடித் நீட்டிய கத்தியை வாங்கி, தோணியின் பலகையில் வைத்து, பதினெட்டு வருஷப் பழக்கத்தில் ஒரே கீறில் திறந்தாள். முதலில் இரைப்பையைப் பார்த்தாள். சுருங்கி, ஒட்டி, வெறுமையாக இருந்தது; எத்தனையோ நாளாக அந்த மீன் ஒன்றும் தின்னவில்லை. அதன் இரு பக்கமும், தலையிலிருந்து வால் வரைக்கும், சட்டைக் கழுத்தில் வைத்துத் தைக்கிற சுருக்கு நாடாபோல வெண்மையாக ஏதோ ஓடியது. குளத்து விலாங்கிலும் அந்த நாடாவைக் கண்டிருக்கிறாள். மெல்லிசாக, கொழுப்பாக்கும் என்று வழித்தெறிகிற ஒன்று. இங்கே அது தடித்திருந்தது. ஒரு துண்டை நுனிவிரலில் எடுத்துச் சூரியன் பக்கம் பிடித்தாள். ரவையைவிடச் சின்னதாக, நெருக்கமாக, குருணி குருணியாக.

"அக்கா" என்றாள். அதை எடித்திடம் நீட்டினாள்.

எடித் வாங்கிப் பார்த்தாள். "சினை" என்றாள். "இன்னும் முத்தேல்ல. பிஞ்சு."

அப்போதுதான் எல்லாம் ஒன்றோடொன்று பொருந்தின. குளத்தில் இருக்கும்வரை சினை வளர்வதில்லை. வளரத் தொடங்கினால் தீனியை விட்டு, நிறம் மாறி, வெள்ளத்தோடு கடலுக்குப் போய்விடும். அங்கே எங்கேயோ முட்டையிடும். குஞ்சுகள் கண்ணாடி நூலாக ஆற்றுக்குத் திரும்பி வரும். குளத்து மீன்காரி விடையின் ஒரு பாதியையும், கடற்கரைக்காரி மறு பாதியையும், தோணிக்காரர் நடுவையும் இத்தனை காலமாக வைத்துக்கொண்டிருந்திருக்கிறார்கள்.

"கடலில எந்த இடத்தில, நானா?"

தாவூது மேற்கே பார்த்தார். "நான் போன தூரத்தில இல்லை. அதுக்கு அங்கால அல்லாஹ்வுக்குத்தான் தெரியும்." மீதி மூன்றையும் தூக்கி ஆற்றிலேயே விட்டார். விற்றால் காசுதானே என்று சிங்கராசா கேட்டதற்கு, "போற வழியில நிக்கிறவை, போகட்டும்" என்றார்.

ஒரு மண்பானையில் ஆற்றுத் தண்ணீரும் ஐம்பது அறுபது குஞ்சுகளும் எடுத்துக்கொண்டு ஊருக்குத் திரும்பினார்கள். வழியெல்லாம் சிங்கராசாதான் பானையை மடியில் வைத்திருந்தான். வீட்டில் தினமும் தண்ணீர் மாற்றி, மண்புழுவை நசுக்கிப் போட்டாள். நாலாம் நாள் கண்ணாடி மங்கிற்று. பத்தாம் நாள் முதுகில் கறுப்புக் கோடு விழுந்தது. மூன்று கிழமையில், யார் பார்த்தாலும் விலாங்கென்று சொல்லக்கூடிய சின்னஞ்சிறு விலாங்குகள் பானையின் அடியில் சுருண்டு கிடந்தன. மூப்பர் அம்புறோஸ் வந்து வெகுநேரம் பானைக்குள் பார்த்துவிட்டு, "சேறு எண்டு நான் சொன்னது பிழை" என்று ஒத்துக்கொண்டார். ஊரில் அவர் பிழை என்று சொல்லிக் கேட்டது அதுதான் முதல் தடவை.

ஓவசியர் எட்வேட் வான் சுவரைப் பார்க்க வந்தபோது பெற்றிசியா பானையைத் தூக்கிக்கொண்டு குளக்கட்டுக்குப் போனாள். கால்சட்டையும் தொப்பியும் போட்ட அந்த மனிதரிடம் கிணற்றுக் கதையிலிருந்து தொடங்கி எல்லாவற்றையும் சொன்னாள்.

அவர் முதலில் சிரித்தார். "விலாங்குக்காகச் சுவரை உடைக்கச் சொல்லுறீரோ?"

"உடைக்க வேண்டாம் ஐயா. கீழ வந்து ஒருக்காப் பாருங்கோ."

குளம் அப்போது வான் பாய்ந்துகொண்டிருந்தது. சுவரின் அடியில், தண்ணீர் விழுந்து நுரைக்கிற குழியின் ஓரத்தில், அவள் கை காட்டிய இடத்தில் எட்வேட் குந்தி உட்கார்ந்தார். கறுத்த நூல்கள் கும்பல் கும்பலாக ஈரச் சுவரில் ஒட்டி, ஒரு சாண் ஏறி, வழவழப்பில் பிடி நழுவி விழுந்தன. மறுபடி ஏறின. மறுபடி விழுந்தன. கொக்குகள் நின்று நிதானமாகப் பொறுக்கிக்கொண்டிருந்தன.

எட்வேட் வெகுநேரம் எழும்பவில்லை. சப்பாத்து நனைவதையும் பொருட்படுத்தவில்லை. "இவ்வளவு தூரம் கடலில இருந்தோ?" என்று இரண்டு தரம் கேட்டார். பிறகு, "சுவரில கை வைக்க எனக்கு உத்தரவில்லை. வேற வழி ஏதும் இருக்கோ?" என்றார்.

"சொரசொரப்பாப் பிடிமானம் ஒண்டு வேணும், அவ்வளவுதான். வைக்கோலில புரி முறுக்கித் தொங்கவிடலாம். தண்ணி நனைச்சுக்கொண்டிருந்தாச் சரி."

"கயிறு கட்டக் கூடாது எண்டு ஒரு சட்டமும் இல்லை" என்றார் எட்வேட்.

புரி முறுக்கியது சிங்கராசா. கைப் பருமனில் மூன்று புரி. மேலே முளையடித்துக் கட்டி, தண்ணீர் மெல்லிசாக வழிகிற ஓரத்தில் சுவரோடு ஒட்டித் தொங்கவிட்டான். முதல் நாள் ஒன்றும் ஏறவில்லை. இரண்டாம் நாளும் இல்லை. எட்வேட் புறப்பட வேண்டியவர், ஏதோ காரணம் சொல்லி இன்னொரு நாள் தங்கினார். மூன்றாம் நாள் காலையில் மழை தூறிக்கொண்டிருந்தபோது பெற்றிசியா புரியைக் கையால் விலக்கிப் பார்த்தாள். ஈர வைக்கோலுக்குள், தாளுக்கும் தாளுக்கும் நடுவே, அவை ஒன்றன் பின் ஒன்றாக நெளிந்து மேலே போய்க்கொண்டிருந்தன. ஒன்று வழி தவறி அவள் விரலில் ஏறி, மோதிரத்தைக் கடந்து, மறுபடி வைக்கோலுக்குள் புகுந்தது.

"ஏறுதோ?" என்று கட்டின் மேலிருந்து இரண்டு ஆண்களும் ஒரே நேரத்தில் கேட்டார்கள்.

"ஏறுது!"

எட்வேட் இதையெல்லாம் எழுதிக் கொழும்புக்கு ஒரு காகிதம் அனுப்பினார். பதில் வரவில்லை. ஆனால் அவர் மாற்றலாகிப் போகும்வரை மாரிதோறும் புரிக்கு வைக்கோல் கந்தோர்ச் செலவில் வந்தது.

அடுத்த வருஷம் ஆனியில் சிங்கராசா கூட்டைத் தூக்கிக்கொண்டு நேரே பெற்றிசியாவிடம் வந்தான். அடியில் சின்னிவிரல் பருமனில் ஒரு விலாங்கு. அவள் எழுந்து கையைக் கழுவிக்கொண்டு வருவதற்குள் அவனே குளத்தங்கரைக்குத் திரும்பி நடந்துகொண்டிருந்தான், விட்டுவிடுவதற்கு.

அன்று மாலை அவள் மூப்பரைக் கொண்டு எடித்துக்கு ஒரு கடிதம் எழுதுவித்தாள். மார்கழியில் வருவதாகவும், இந்தமுறை ஆற்றுவாயோடு நிற்கப் போவதில்லையென்றும், தோணி கடலுக்குள் எவ்வளவு தூரம் போகும் என்று தாவூது நானாவிடம் கேட்டு வைக்கும்படியும் சொன்னாள். எழுதி முடித்த மூப்பர் கொஞ்சம் தயங்கி, தோணியில் இன்னொரு ஆளுக்கு இடமிருக்குமா என்றும் கேட்கட்டோ என்றார்.